சிறைக்கூடமும் சிறைவாயிலும்: குற்றவாளிகளின் மறுவாழ்வுப் பணியில் சீர்திருத்தத் திருச்சபைகள்

ஆங்கிலேயர் சிறைச்சாலைக்கு வழங்கும் பெயர்களுள் 'பெனிடென்ஷரி' என்பதும் ஒன்று. மனந்திரும்புதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. இடைக்காலத் திருச்சபையில் பாவ அறிக்கை கேட்டுத் தவ ஒழுங்கு விதிக்கும் குருவானவரைக் குறித்து வழங்கிய இச்சொல், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கட்டடத்தின் பெயராயிற்று. குரு இருந்த இடத்தில் சுவர் வந்து நின்றது. இம்மாற்றத்தைச் செய்தவர்கள் திருச்சபையின் பகைவர் அல்லர். வேதத்தை நேசித்தவர்கள், கைதிகளின் துயர் கண்டு உருகியவர்கள், பெரும்பாலும் நம் சீர்திருத்த மரபைச் சேர்ந்தவர்கள். ஆகவே குற்றவாளிகளின் மறுவாழ்வைப் பல நாடுகளின் வரலாற்றில் வைத்து ஆராய்வது குற்றவியல் அறிஞர்க்கே உரிய வேலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அது நம் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இங்கு நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. தண்டனை முடிந்து வெளியேறும் மனிதன் மீண்டும் மனிதரோடு சேர்ந்து வாழ்வதற்கு ஏதுவாயிருந்தது சிறைக்கூடத்தின் உள்ளே நிகழ்ந்ததா, சிறைவாயிலின் வெளியே நிகழ்ந்ததா? இரண்டும் வேண்டும் என்று விரைந்து விடையிறுப்பது எளிது. ஆயின் நம் முன்னோர் தங்கள் பொருளையும் உழைப்பையும் ஜெபத்தையும் எங்கே செலவிட்டனர் என்று கணக்கெடுத்தால், தராசு நெடுங்காலம் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது விளங்கும்.

தனிமையின் இறையியல்

1773-ஆம் ஆண்டில் ஜான் ஹோவர்டு என்னும் நிலக்கிழார் இங்கிலாந்தில் பெட்போர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவியை ஏற்றார். இவர் அரசுத் திருச்சபையைச் சேராத சுயாதீன சபையினர். அப்பதவியைப் பெருமைக்குரிய அணிகலனாகக் கொள்வதே அந்நாளைய வழக்கம். இவரோ சிறைக்குள் நேரில் போய்ப் பார்த்தார். நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டோரும், சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தைச் செலுத்த வகையின்றி உள்ளேயே கிடந்தனர். காவலனுக்குச் சம்பளம் இல்லை. கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவன் வருவாய். சம்பளம் ஏற்படுத்துங்கள் என்று ஹோவர்டு கேட்டபோது, வேறெங்கேனும் அதற்கு முன்மாதிரி உண்டா என்று நீதிபதிகள் வினவினர். அந்த முன்மாதிரியைத் தேடிப் புறப்பட்டவர் பிறகு நிற்கவேயில்லை. தம் நாடெங்கும், பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் சிறை சிறையாகச் சென்று, அளந்து, எண்ணி, எழுதிக்கொண்டு, 1777-இல் 'சிறைகளின் நிலை' என்னும் நூலை வெளியிட்டார். 1790-இல் கருங்கடலை அடுத்த கெர்சோன் நகரில் காய்ச்சலுற்று மாண்டார். பல நாட்டுச் சிறைகளை ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு அவரையே தந்தை எனலாம்.

ஹோவர்டு விரும்பியது காற்றோட்டம், தூய்மை, உழைப்பு, வேத போதனை, இரவில் தனி அறை ஆகியவையே. இவற்றுள் இறுதியாகக் கூறிய தனி அறையைப் பற்றிக்கொண்டு, அதை முழு முறையாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் பிலதெல்பியா நகரத்தார். பொதுச் சிறைகளின் துன்பத்தைத் தணிப்பதற்கென்று 1787-இல் அங்கு ஒரு சங்கம் எழுந்தது. இதன் பின்விளைவுகளைக் குவேக்கர்களின் தலைமேல் மட்டும் சுமத்துவது நூலாசிரியர் பலரின் வழக்கம். சங்கத்தின் முதல் தலைவர் எப்பிஸ்கோப்பல் சபையின் பேராயர் வில்லியம் வைட் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஆன்மா தன் கடவுளுக்கு முன்பாகத் தனித்து நின்று கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்னும் போதனை நம் எல்லாருக்கும் பொது. அப்போதனையைக் கல்லில் கட்டினால் எப்படியிருக்கும் என்பதற்கு 1829-இல் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறை, அதாவது செரி ஹில், சான்றாயிற்று.

அங்கே கைதி ஒவ்வொருவனுக்கும் ஒரு தனி அறை. கூரையில் வானம் தெரியும் ஒரு சிறு திறப்பு. அறையை ஒட்டி மதில் சூழ்ந்த ஒரு முற்றம். கையில் வேதாகமம், செய்வதற்கு நெசவு, செருப்புத் தைத்தல் முதலிய தொழில். உள்ளே கொண்டுவரும்போதும் வெளியே நடத்தும்போதும் தலையை முகத்தோடு மூடும் துணி. பெயர் இல்லை, எண் உண்டு. உறவினர் வருகையும் கடிதமும் இல்லை. முகமூடிக்கு அவர்கள் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. விடுதலையான பிறகு உடன்கைதி எவனும் அவனை அடையாளங்கண்டு பழைய வழிக்கு இழுக்கக்கூடாது என்பதாம். அவனுடைய பிற்கால வாழ்வை நினைத்தே அவன் முகத்தை மறைத்தார்கள். சங்கத்தின் அன்பர்கள் அறை அறையாகச் சென்று அவனோடு ஜெபித்தார்கள்; அதையும் நாம் மறுக்கலாகாது.

விளைவு யாது? நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் 1821-இன் இறுதியில் எண்பது கைதிகளை வேலையும் இல்லாத முழுத் தனிமையில் வைத்துச் சோதித்தனர். சிலர் இறந்தனர், சிலர் மதியிழந்தனர். ஈராண்டுக்குள் மீதியானோரில் பெரும்பாலோரை ஆளுநர் மன்னித்து வெளியே அனுப்ப நேர்ந்தது. செரி ஹில்லில் வேலை இருந்தமையால் இத்துணைக் கொடுமை நேரவில்லை எனினும், 1842-இல் அங்குச் சென்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடிது என்னும் கருத்துடன் திரும்பினார். அதே ஆண்டில் அவருடைய தாய்நாட்டில், இலண்டனின் பென்டன்வில் சிறை இதே மாதிரியில் திறக்கப்பட்டது. அச்சிறையின் ஆலயத்தில் கைதிகள் ஒருவரையொருவர் காணாதபடி ஒவ்வொருவனுக்கும் பலகைத் தடுப்பு வைத்திருந்தனர். பிரசங்கியாருக்கு எல்லார் முகமும் தெரியும்; அவர்களுக்குப் பிரசங்கியார் முகம் மட்டுமே தெரியும். ஐக்கியம் இல்லாத ஆராதனை என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சித்திரம் நமக்குக் கிடைக்காது.

பென்சில்வேனியா மாநிலம் இம்முறையைச் சட்டப்படி கைவிட்டது 1913-இல். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015-இல் ஏற்றுக்கொண்டு நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய சிறை விதிகள், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையை விலக்குகின்றன. பக்தியுள்ளோர் ஆண்டுக்கணக்கில் மருந்தாகக் கொடுத்ததை உலகம் இன்று அரைமாதத்திற்கு மேல் பொறுப்பதில்லை.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது பொருந்தும். ஒநேசிமு களவு செய்தவன் என்று திட்டமாகக் கூற அந்நிருபம் இடந்தரவில்லை. அவன் பட்டிருக்கும் கடனைத் தம் கணக்கில் வைக்கும்படி பவுல் எழுதுவதிலிருந்து உரையாசிரியர்கள் ஊகிப்பது அது. ஆயினும் அவனுடைய மனமாற்றம் நிகழ்ந்தது ஒரு கைதியின் அருகில் என்பது தெளிவு. அதனோடு காரியம் முடிந்ததாகப் பவுல் கருதியிருந்தால் நிருபத்துக்கே தேவையில்லை. அது பிலேமோனுக்கு மட்டுமன்று, அப்பியாளுக்கும், அர்க்கிப்புவுக்கும், அந்த வீட்டில் கூடும் சபைக்கும் முகவரியிடப்பட்டிருக்கிறது. மனந்திரும்பியவனைப் பற்றிய சொற்கள் சில. அவனை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்களை நோக்கிய சொற்களே மிகுதி. செரி ஹில்லைக் கட்டியவர்கள் இந்நிருபத்தின் முதற்பாதியை மட்டும் கட்டினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

தோட்டத்து வீடு

செரி ஹில் திறந்த நான்காம் ஆண்டில், ஜெர்மனியில் ரைன் நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில், மிகச் சிறிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. கைசர்ஸ்வெர்த் ஊரின் ஆயர் தியடோர் பிளீட்னர் 1822-இல், தம் இருபத்திரண்டாம் வயதில், அங்கு வந்தவர். வந்த சில வாரங்களில் ஊரின் துணியாலை நொடித்துப்போக, அதை நம்பியிருந்த சிறு சபை வறுமையுற்றது. சபைக்காகப் பொருள் திரட்ட ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போனவர், பணத்தோடு வேறொன்றையும் கொண்டுவந்தார். இலண்டன் நியூகேட் சிறையில் எலிசபெத் பிரை அம்மையார் பெண் கைதிகளிடையே செய்த பணியை அங்கே அறிந்துகொண்டார். ஊர் திரும்பியபின், 1825 முதல் டியூசல்டார்ப் சிறையில் ஆராதனை நடத்தலானார். மறு ஆண்டில் சிறைப்பணிக்கென ஒரு சங்கமும் அவர் முயற்சியால் உருவாயிற்று. இதுவரை செய்தது எல்லாம் சிறைக்குள் செய்த பணி.

1833 செப்டம்பரில் விடுதலை பெற்ற பெண்ணொருத்தி ஆயரில்லத்தின் வாயிலில் வந்து நின்றாள். மின்னா என்பது அவள் பெயர் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அவளுக்குப் போக்கிடம் இல்லை. பிளீட்னரும் அவர் மனைவி பிரெடரிக்கேயும் தங்கள் தோட்டத்திலிருந்த சிறு வீட்டை அவளுக்குக் கொடுத்தனர். நான்கு சுவரும் பன்னிரண்டடி அளவே கொண்ட கட்டடம் அது. படுப்பதற்கு மேலே ஒரு பரண், ஏறுவதற்கு ஏணி. விரைவில் இரண்டாமவள் வந்தாள்; பிறகும் பலர் வந்தனர். பிரெடரிக்கே அம்மையாரின் தோழி ஒருவர் வந்து அவர்களோடு தங்கிப் பொறுப்பேற்றார். திருமணத்துக்கு முன் பிரெடரிக்கே கைவிடப்பட்ட பிள்ளைகளின் இல்லத்தில் பணிபுரிந்தவர். தோட்டத்து வீட்டைக் கொடுக்கத் துணிந்ததில் அந்த அனுபவத்துக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். வரலாற்று நூல்கள் வழக்கம்போல் ஆயரின் பெயரையே முன்னிறுத்துகின்றன.

மூன்றாண்டு கழித்து, 1836-இல், அவ்வூரில் மருத்துவமனையும் உதவிக்காரிகளின் தாய்வீடும் தொடங்கப்பட்டன. அதன் கிளைகள் எருசலேம் வரை பரவின. 1851-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே பயிற்சி பெற்றார். இக்காலச் சீர்திருத்தத் திருச்சபைகளின் உதவிக்காரி ஊழியத்துக்கு ஊற்று கைசர்ஸ்வெர்த் என்று நம் மாணவர் தேர்வுத்தாளில் தவறாது எழுதுகின்றனர். அந்த ஊற்று ஒரு மருத்துவமனைக் கட்டிலின் அருகில் புறப்படவில்லை. தண்டனை முடித்து வந்த ஒருத்திக்கு இடம் கொடுத்த பரணில் புறப்பட்டது என்பதை ஒருவரும் எழுதக் காணோம்.

வாயிலின் சாவி

உதவிக்காரி இல்லம் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுகோடியில் வேறொரு சோதனை நடந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் மாகடலில் உள்ள நார்போக் தீவு, நாடு கடத்தப்பட்ட பின்னரும் குற்றம் புரிந்தோரை அடைத்து வைத்த இடம். 1840 மார்ச்சில் அங்கு அதிகாரியாக வந்த அலெக்சாண்டர் மெக்கானக்கி, எடின்பரோவில் பிறந்த கடற்படையாளர். நெப்போலியன் போரில் கப்பல் உடைந்து பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு, 1811 முதல் 1814 வரை கைதியாக இருந்தவர். சிறை அதிகாரிகளுள் தாமே சிறையிருந்தவர் எத்தனை பேர்?

அவருடைய கருத்து எளிது. 'பத்தாண்டு' என்று காலத்தால் விதிக்கும் தண்டனை ஒருவனுக்குக் காத்திருக்க மட்டுமே கற்பிக்கும். 'இத்துணை உழைப்பு, இத்துணை நன்னடத்தை' என்று விதித்தால் அவன் தன் விடுதலையைத் தானே சம்பாதிப்பான். இதற்கென அவர் மதிப்பெண் முறையொன்றை வகுத்தார். ஒரு கட்டத்தில் அறுவர் கொண்ட குழுக்களாய் இணைத்து, ஒருவன் தவறினால் அறுவருக்கும் இழப்பு என்று வைத்தார். தூக்குமரத்தை அகற்றினார், உரோமன் கத்தோலிக்கருக்கும் நம்மவர்க்கும் தனித்தனியே ஆலயம் கட்டுவித்தார், நூல்களும் இசைக்கருவிகளும் வரவழைத்தார், தோட்டம் போட நிலம் கொடுத்தார். வந்த இரண்டு மாதத்தில், விக்டோரியா அரசியின் பிறந்தநாளை முன்னிட்டு வாயில்களைத் திறந்துவிட்டு, கைதிகளைத் தீவெங்கும் உலவவும் நாடகம் நடிக்கவும் வாணவேடிக்கை காணவும் விட்டார். அரசியின் நலத்துக்காக அருந்தும்படி எலுமிச்சைச் சாறு கலந்த சிறிதளவு மதுவும் தரப்பட்டது. அந்தி மணி அடித்ததும் அனைவரும் கலகமின்றித் திரும்பினர். (நம் மதுவிலக்குச் சங்கத்தார் இதைப் பொறுத்தருள்வாராக.) சிட்னியிலும் இலண்டனிலும் செய்தித்தாள்கள் நகைத்தன.

மெக்கானக்கியின் முறையில் ஒரு குறை இருந்தது. அது அவர் செய்த குறையன்று. மதிப்பெண் எத்துணைச் சேர்த்தாலும் கைதியை விடுவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வாயிலின் சாவி அரசாங்கத்தின் கையில் இருந்தது. ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் 1843-இல் நேரில் வந்து பார்த்து நல்லெண்ணத்தோடு அறிக்கை அனுப்பினார். அதற்குள் அவரை மாற்ற இலண்டன் முடிவு செய்துவிட்டது. 1844-இல் அவர் தீவை விட்டார். அடுத்து வந்தவர் பழைய கடுமையை மீட்டார். தோட்டங்களும் சொந்தச் சமையல் பாத்திரங்களும் பறிக்கப்பட்டன. 1846 ஜூலையில் கலகம் மூண்டது; அக்டோபரில் ஒரே நாளில் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டனர்.

மெக்கானக்கியிடம் இல்லாத சாவி அயர்லாந்தில் வால்டர் கிராப்டனிடம் இருந்தது. 1854-இல் அந்நாட்டுச் சிறைகளின் தலைவரான அவர், தனி அறையில் சில மாதம், பின்னர்க் கூட்டு உழைப்பு, பின்னர் இடைநிலைச் சிறை, அதன்பின் அனுமதிச் சீட்டுடன் விடுதலை என்று படிப்படியாக வகுத்தார். இடைநிலைச் சிறையே இதில் புதுமை. டப்ளினுக்கு அருகில் லஸ்க் என்னும் பொதுவெளியில், மதிலின்றி, இரும்புத் தகட்டுக் கொட்டகைகளில், ஆயுதமற்ற சில அலுவலரின் பார்வையில் கைதிகள் வயல்வேலை செய்தனர். கிராப்டனின் பெயர் நூல்களில் நிலைத்திருக்கிறது. நமக்கோ ஜேம்ஸ் ஆர்கன் என்னும் ஆசிரியரே பெரியவராகத் தோன்றுகிறார். மாலையில் கைதிகளுக்குப் பாடம் நடத்திய அவர், மற்ற வேளைகளில் டப்ளினைச் சுற்றியுள்ள முதலாளிகளின் வாயிலில் ஏறி இறங்கி, இவனுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்டார். விடுதலையானோரை அவர்கள் வேலை செய்யும் இடத்திற்கே சென்று விசாரித்தார். முதலாளி சந்தேகப்பட்டால் அச்சந்தேகத்திற்கு விடை சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதே அயர்லாந்து முறையின் உயிர்நிலை. அந்நாட்டின் நற்பெயருக்கு, விடுதலையானோர் பலர் கப்பலேறி வெளிநாடு போனதும் காரணம் என்று அக்காலத்திலேயே சிலர் குறைகூறினர். அதில் உண்மை உண்டு.

பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்னும் செருப்புத் தைப்பவர் 1841-இல் இன்னும் ஒருபடி முன்னே போனார். காவல் நீதிமன்றத்தில் குடிவெறிக் குற்றத்துக்காக நின்ற ஒருவனைத் தம் பிணையில் விடும்படி கேட்டார். மூன்று வாரம் கழித்து அவனைத் தெளிந்த மனிதனாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டும் விதித்தார். 1859-இல் இறப்பதற்குள் அகஸ்டஸ் ஏறத்தாழ 1,900 பேருக்குப் பிணை நின்றார். அவர் தொழில் நலிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1878-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 1876-இல் பிரெடரிக் ரெய்னர் என்னும் அச்சுத் தொழிலாளர் ஆங்கிலத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, காவல் நீதிமன்றங்களில் ஏதேனும் செய்யுங்கள் என்று எழுதினார். அதிலிருந்து நீதிமன்ற ஊழியர் என்னும் பணி எழுந்து, 1907-இல் நன்னடத்தைச் சட்டமாக முதிர்ந்தது. இரட்சணிய சேனையின் சமூகப் பணியும் 1883 டிசம்பரில் மெல்பர்ன் நகரில் விடுதலையான கைதிகளுக்கு எடுத்த ஒரு வாடகை வீட்டில்தான் தொடங்கிற்று. அவ்வேலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'சிறைவாயிற் படை'.

நம் நாட்டு நிழல்

சிறைவாயிலில் நின்ற அதே சேனை நம் நாட்டில் வேறொரு வாயிலில் நிற்க நேர்ந்தது. 1871-இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதியாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911-இன் திருத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது பரவிற்று. 1908 முதல், இரட்சணிய சேனையின் பிரெடரிக் பூத்-டக்கர் அரசின் உதவியுடன் இம்மக்களுக்குக் குடியிருப்புகளை ஏற்படுத்தினார். குற்றத்தைக் குணமாக்கும் கலை என்று பொருள்படும் ஒரு புதுச்சொல்லையும் அவர் ஆக்கி வழங்கினார். இன்றைய ஆந்திர மாநிலத்திலுள்ள ஸ்டூவர்ட்புரம் எருகுலர்களுக்கென அமைந்த அத்தகைய ஊர். அங்கே பள்ளி உண்டு, நிலம் உண்டு, மருந்து உண்டு. வருகைப் பதிவும், வெளியே போக அனுமதிச் சீட்டும் உண்டு. அருகிலிருந்த புகையிலைத் தொழிற்சாலைக்குக் கூலியாட்களும் இக்குடியிருப்பிலிருந்தே கிடைத்தனர்.

மறுவாழ்வு என்னும் சொல்லை இங்கே நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். குற்றம் செய்யாதவனுக்கு மறுவாழ்வு அளிப்பது எவ்வாறு? மிஷனரிகள் அன்போடு பணிபுரிந்தனர் என்பதை ஏற்கிறோம். ஆனால் அயர்லாந்தில் வாயிலைத் திறக்கப் பயன்பட்ட அனுமதிச் சீட்டு இங்கே வாயிலை அடைக்கப் பயன்பட்டது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில், இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுவதை எதிர்த்த கள்ளர் மக்கள்மீது காவலர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கிற்று. சீர்மரபினர் என்று இன்று அழைக்கப்படும் அச்சமூகங்களின் மீது காவல்துறையினரின் சந்தேகப் பார்வை அன்றோடு நீங்கிவிடவில்லை. நம் மிஷன் வரலாற்று நூல்களுள் இக்குடியிருப்புகளை வெற்றிக் கதையாக மட்டும் எழுதுபவை இனியேனும் திருத்தி எழுதப்பட வேண்டும்.

எண்களும் ஏற்றுக்கொள்ளுதலும்

இக்கால ஆய்வுகளைத் தொட்டுச் செல்வோம். 1974-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் மார்ட்டின்சன், சீர்திருத்தத் திட்டங்கள் எவையும் பெரிதாகப் பயன் தரவில்லை என்னும் கருத்துப்பட எழுதிய கட்டுரை பல அரசுகளுக்கு வாய்ப்பான சாக்காயிற்று. 1979-இல் அவரே தம் தீர்ப்பைத் தளர்த்தினார். அதை எவரும் கேட்கவில்லை. நார்வே வேறு வழியில் நடந்தது. தண்டனை என்பது நடமாடும் உரிமையை இழப்பது மட்டுமே; மற்றபடி சிறை வாழ்வு வெளி வாழ்வை ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அங்கே ஆசிரியரும் மருத்துவரும் நூலகரும் குருவானவரும் சிறைத்துறையின் பணியாளர் அல்லர். வெளியே அப்பணியைச் செய்யும் அமைப்புகளே அவர்களை அனுப்புகின்றன. விடுதலையாகும் அன்று கைதி ஏற்கெனவே அறிந்த ஆசிரியரிடமே திரும்புகிறான். 2010-இல் திறந்த ஹால்டன் சிறையின் அழகிய அறைகளைப் படமெடுப்போர் பலர். இந்த ஏற்பாட்டைப் படமெடுக்க இயலாது.

2005-இல் நார்வேயில் விடுதலையானோருள் ஈராண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அதே ஆண்டு அமெரிக்காவின் 30 மாநிலங்களில் விடுதலையானோருள் மூன்றாண்டுக்குள் மீண்டும் கைதானவர் மூன்றில் இருவர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து வியப்போர், ஒன்று தண்டனையை எண்ணியது, மற்றொன்று கைதை எண்ணியது என்பதைக் கவனிப்பதில்லை. நார்வே சிறிய குற்றங்களுக்கும் சில நாள் சிறை விதிப்பதால் அங்கு விடுதலையாவோரின் தன்மையும் வேறு. வேறுபாடு உண்மையே, அதன் அளவை இவ்வெண்கள் காட்டா. அளவுகோலைச் சரிபார்க்காமல் அளப்பதை ஹோவர்டு ஒப்பியிருக்கமாட்டார்.

நம் கேள்விக்கு நேரான விடை, கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் 1994-இல் கிடைத்தது. சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றங்களுக்காகப் பன்முறை தண்டிக்கப்பட்ட ஒருவர், தண்டனைக் காலம் முழுவதையும் முடித்து வெளியேறினார். ஊர் கொதித்தது, காவலர் இரவும் பகலும் பின்தொடர்ந்தனர். மெனனைட் சபையின் ஆயர் ஒருவர், தம் சிறிய சபையிலிருந்து சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு வட்டமாக நிறுத்தினார். அவர்கள் அவருக்கு வீடு தேடினர், மளிகைக் கடைக்கு உடன் சென்றனர், நாள்தோறும் ஒருவர் பேசினார். அவர் எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்று கண்டிப்பாகவும் கேட்டனர். பிள்ளைகளின் பாதுகாப்பை அவர்கள் ஒருநாளும் இரண்டாம் இடத்தில் வைக்கவில்லை. மன்னிப்பைப் பேசும் நம்மில் சிலர் இதைக் கவனிப்பது நலம். அம்மனிதர் இறக்கும்வரை அக்குற்றத்துக்குத் திரும்பவில்லை. இம்முறை 'ஆதரவும் பொறுப்பும் தரும் வட்டங்கள்' என்னும் பெயரோடு பிற நாடுகளுக்கும் சென்றது. வட்டத்தில் இருந்தோர் மீண்டும் அக்குற்றம் புரிவது கணிசமாகக் குறைந்ததாகக் கனடாவின் ஆய்வுகள் காட்டின.

நம் சபைகளுக்கு வருவோம். சிறை ஊழியம் நம்மிடையே இல்லாமலில்லை. நாம் அறிந்த சபை ஒன்றின் வாலிபர் சங்கம் கிறிஸ்துமஸ்தோறும் மத்திய சிறைக்குச் சென்று பாடி, கேக்கும் சோப்பும் கொடுத்துவரும்; ஆண்டறிக்கையில் புகைப்படமும் வரும். அச்சிறையிலிருந்து விடுதலையான ஒருவர் அதே சபையின் ஆலய வளாகத்தில் இரவுக் காவலர் வேலை கேட்டு விண்ணப்பித்தார். சபைக் குழு மூன்று கூட்டங்களில் அதைப் பேசிற்று. நான்காம் கூட்டத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. குழுவினர் கொடியவர் அல்லர். உண்டியலும் விளக்குகளும் அவர்கள் பொறுப்பு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சிறையிலிருப்பவனைக் காண்பதோடு அந்நியனைச் சேர்த்துக்கொள்வதையும் கூறுகிறார். சிறைக்கதவுக்கு உள்ளே இருக்கும்வரை முதல் வகையில் இருந்தவன், வெளியே வந்த அன்றே இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறான். நம் ஊழியத் திட்டங்களில் அந்த மாற்றத்துக்கு இடமில்லை.

இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவின்படி, நன்னடத்தை அலுவலராக அரசு ஊழியர் மட்டுமன்றி, மாநில அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் அளிக்கும் ஆளும் இருக்கலாம். பாஸ்டனின் செருப்புத் தொழிலாளி செய்த வேலையை நம் நாட்டுச் சட்டம் ஒரு சபைச் சங்கம் செய்ய அனுமதிக்கிறது. திருமண்டலங்களின் சமூகப் பணிக் குழுக்கள் இப்பிரிவைத் தங்கள் கூட்டத்தில் வாசித்து, மாவட்ட நன்னடத்தை அலுவலரையும் அழைத்துக் கேட்கலாம். தேவைப்படுவது பெருந்தொகையன்று. வாடகைக்கு ஓர் அறை, வேலை கொடுக்கக்கூடிய சபையார் நால்வர், மாலைதோறும் வீட்டுக்குச் சென்று விசாரிக்கப் பொறுமையுள்ள ஒருவர் போதும். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவனுக்குக் குற்றத்தீர்ப்பினால் நேரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது அது. அவனுடைய பெயரைச் சபைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்பதை ஆயரும் சபைக் குழுவும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.